தாளும் கோப்பும்: தமிழ் ஆய்வேட்டு உருவாக்கத்தில் சொற்செயலிப் பயன்பாடு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஆய்வேடுகள் இன்று கணினியில் உருவாகின்றன. ஆனால் அவற்றை உருவாக்கும் பழக்கம் தட்டச்சுப் பொறிக் காலத்திற்குரியதாகவே நீடிக்கிறது. சொற்செயலியை அச்சுத் தாளை அழகுபடுத்தும் கருவியாக மட்டும் கருதுவதால் அகரவரிசை, சொல்லடைவு, தேடல், மேற்கோள் ஆகிய நான்கிலும் நேரும் இழப்பை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்கிறது. திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் ஆய்வேடு தட்டச்சு செய்வித்த பட்டறிவு இதற்குக் களமாக அமைகிறது. பயன்பாட்டுக் குறிப்புகள் விவாதத்தின் போக்கில் உரிய இடங்களில் தரப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சொற்செயலி, ஒருங்குறி, அகரவரிசை, சொல்லடைவு, புணர்ச்சி, ஆய்வேடு

முன்னுரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரிக்கு அடுத்த நிலையம் கவரைப்பேட்டை. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய இவ்வூரின் ஒருபுறம் பொறியியல் கல்லூரி. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இங்குள்ள கணினித் தட்டச்சு, நகல் நிலையங்களில் ஒரே நாளில் பொறியியல் மாணவரின் செயல்திட்ட அறிக்கை, தொழிற்சாலை வேலைக்கான தன்விவரக் குறிப்பு, வாடகை ஒப்பந்தம், மஞ்சள்நீராட்டு அழைப்பிதழ் ஆகிய எல்லாம் உருவாகின்றன. அவற்றிற்கிடையே அவ்வப்போது ஒரு தமிழ் ஆய்வேடும் உருவாகிறது. குறுந்தொகையில் பயிலும் மரஞ்செடிகொடிகளைப் பற்றிய எனது ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேடு அத்தகைய நிலையம் ஒன்றில்தான் பக்கக் கணக்கில் கூலி கொடுத்துத் தட்டச்சு செய்யப்பட்டது.

அந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பாக ஒரு பெயரடைவு இருந்தது. ஒவ்வொரு தாவரப் பெயரும் ஆய்வேட்டின் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பதை அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதி, அகரவரிசையில் அடுக்கிக் கொடுத்திருந்தேன். ஒப்படைப்பதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர், வரி இடைவெளி போதவில்லை, கூட்டுக என்றார்கள். கூட்டியவுடன் பக்கங்கள் அனைத்தும் நகர்ந்தன. பெயரடைவு முழுவதும் பொய்யாயிற்று. மூன்று இரவுகள் விழித்து அதனைத் திருத்தினேன். சில ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காக அக்கோப்பை என் கணினியில் திறந்தபோது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு குவியல் தோன்றியது. அந்த நிலையத்தில் பயன்படுத்திய எழுத்துரு என்னிடம் இல்லை. கூலி கொடுத்துப் பெற்ற ஆய்வேடு என்னுடையது. ஆயினும் அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் தேட இயலவில்லை.

இதில் தட்டச்சருக்குப் பழியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மையார் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சு முதுநிலை தேறியவர். என் கைப்படியில் விடுபட்ட ஒற்றுகளைச் சொல்லாமலே போட்டுக் கொடுத்தவர். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர் இல்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவரிடம் நாம் கேட்டது தாள். அவர் தாளைத் தந்தார். கோப்பு என்ற ஒன்றை நாம் கேட்கவே இல்லை.

தட்டச்சுப் பொறியின் எச்சம்

தமிழில் சொற்செயலி பற்றி வெளிவந்துள்ள கையேடுகளும், பயிலரங்குகளில் தரப்படும் குறிப்புகளும் பெரும்பாலும் குறுக்குவிசைப் பட்டியல்களாகவே உள்ளன. எந்த விசையை அழுத்தினால் எழுத்து தடிக்கும், எதை அழுத்தினால் அடிக்கோடு விழும் என்பவற்றை அவை கற்பிக்கின்றன. அவை தவறல்ல. ஆனால் எழுத்தைத் தடிக்கச் செய்வது தட்டச்சுப் பொறியில் அடிக்கோடு இட்டதன் தொடர்ச்சி மட்டுமே. ஓர் இயலின் தலைப்பைத் தடித்த எழுத்தில் 16 புள்ளி அளவில் நடுவில் நிறுத்திவிட்டால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. சொற்செயலிக்கு அது சற்றே பருத்த மற்றுமொரு வரி.

தட்டச்சுப் பொறியில் எழுத்தும் தோற்றமும் வேறல்ல. தாளில் விழுந்ததே எழுத்து. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஈழத்தில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி அதனைச் சாதித்தது, எழுத்துகளைக் கால், கொம்பு, சுழி என உறுப்புகளாகப் பிரித்ததன் மூலம். ‘கொ’ என்பது அங்கே கொம்பு, ககரம், கால் என்ற மூன்று அடிகள். அந்தத் தீர்வு அந்தப் பொறிக்குச் சரியானது. அதே தீர்வைக் கணினிக்குள்ளும் கொண்டுவந்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சொற்செயலியில் ‘ஸ்டைல்’ எனப்படும் பாணி என்ற வசதியே இவ்விரண்டு உலகங்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு. இயல் தலைப்புக்கு முதல்நிலைத் தலைப்புப் பாணியையும், உட்தலைப்புக்கு இரண்டாம் நிலைப் பாணியையும் இட வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டுடன் 1 அல்லது 2 என்ற எண்விசை போதும். அதன்பின் உள்ளடக்கப் பட்டியலைச் சொற்செயலியே தொகுக்கும். பக்கங்கள் நகர்ந்தால் எஃப்9 விசையை அழுத்திப் புதுப்பித்துக்கொள்ளலாம். தலைப்பின் அளவை மாற்ற வேண்டுமானால் பாணியை ஓரிடத்தில் மாற்றினால் ஆய்வேடு முழுதும் மாறும். மேற்கோள் செய்யுளுக்குத் தனியே ஒரு பாணி அமைத்துக்கொள்வது இலக்கிய ஆய்வாளருக்கு இன்றியமையாதது. செய்யுள் அடிகளுக்கு இடையே ஷிப்ட் விசையுடன் எண்டரை அழுத்தினால் அடி முறியும், பத்தி முறியாது. ஆகவே ஒரு பாடல் ஒரு பத்தியாகவே நிற்கும். அடியை உள்தள்ளுவதற்கு இடைவெளி விசையைப் பத்து முறை தட்டுவது நம்மிடையே வழக்கம். எழுத்துருவை மாற்றியதும் அந்தப் பாடல்கள் கோணல்மாணலாக நிற்பதைக் காணாத ஆய்வாளர் இருக்க மாட்டார்.

இங்கே ஒரு சிறு நுணுக்கம். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் இலத்தீன் எழுத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவும், தனித்தனி அளவுகளும் ஒரே பாணிக்குள் அமைக்க இடமுண்டு. இதை அறியாதவர்கள் ஆங்கில மேற்கோள் வருமிடந்தோறும் கையால் அளவைக் குறைத்துக்கொண்டிருப்பர். தமிழின் 12 புள்ளியும் ஆங்கிலத்தின் 12 புள்ளியும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. பாணியில் ஒருமுறை அமைத்துவிட்டால் அந்த வேலை அத்துடன் முடிந்தது.

எழுத்துருவும் எழுத்தும்

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவதே அதன் உத்தி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாப், டாம் என்ற இரு குறியேற்றங்களையும் தரப்படுத்தியது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. விண்டோஸ் 2000 அதனைச் சாதாரணப் பயனாளரிடம் கொண்டுவந்தது. 2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, அதற்கு மாற்றாக டேஸ்16 என்பதையும் அறிவித்தது. அதாவது, கவரைப்பேட்டையில் என் ஆய்வேடு தட்டச்சானபோது அரசாணை பிறந்து ஆண்டுகள் பல கடந்திருந்தன.

அரசாணை வந்தும் பழைய எழுத்துருக்கள் தட்டச்சு நிலையங்களில் நிலைத்ததற்குக் காரணம் அறியாமையன்று. அழைப்பிதழும் சுவரொட்டியும் அச்சிடும் பக்க வடிவமைப்பு மென்பொருள்களின் பழைய பதிப்புகளில் ஒருங்குறித் தமிழ் உடைந்து தோன்றும். அந்நிலையத்தின் வருவாய் அழைப்பிதழில் இருக்கிறது, ஆய்வேட்டில் இல்லை. ஆண்டுக்கு இரண்டு ஆய்வேடு தட்டச்சு செய்பவர் அதற்காகத் தம் விரல் பழக்கத்தை மாற்றிக்கொள்வார் என எதிர்பார்ப்பது நியாயமன்று. மாற்றிக்கொள்ள வேண்டியவர் ஆய்வாளரே. தமிழ் இணையக் கல்விக்கழகம் விசைப்பலகை மென்பொருளையும் ஒருங்குறி மாற்றியையும் கட்டணமின்றித் தருகிறது. தமிழ்99 பழகுவதற்குச் சில வாரங்கள் போதும்.

பழைய கோப்பை மாற்றி வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றிக்கு ஆங்கிலமும் தமிழும் ஒரே எண்களாகவே தெரியும். எனவே ஆய்வேட்டிலுள்ள ஆங்கில நூற்பெயர்களையும் அது தமிழ் எழுத்துகளின் பொருளற்ற கோவையாக்கிவிடும். என் கோப்பில் மேற்கோள் குறிகள் சில இடங்களில் உயிர்மெய்யாக மாறியிருந்தன. ஆங்கிலப் பகுதிகளை எழுத்துரு வாரியாகத் தேடிப் பிரித்து, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றிக்குக் கொடுப்பதே பாதுகாப்பான வழி. வேர்டின் தேடல் பெட்டியில் சொல்லே இல்லாமல் எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டுத் தேட இயலும் என்பது இவ்விடத்தில் பெரிதும் உதவும்.

அகரவரிசை

தமிழ் ஆய்வின் முதுகெலும்பு அடைவு. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பதங்களுக்கு அகராதி சேர்த்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் நூற் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. 1992இல் தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோர் சங்க இலக்கியத்திற்குக் கணினி வழியே ஒரு சொல்லடைவு ஆக்கி ஜெர்மனியில் வெளியிட்டனர். அதற்குப் பின் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. நம் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் உள்ள அடைவுகள் இன்னும் துண்டுத் தாள்களை மேசையில் பரப்பி அடுக்கப்படுகின்றன.

பழைய எழுத்துருவில் சொற்செயலியின் அகரவரிசை வசதி பயன்படாது என்பது உண்மை. கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டச்சாவதால், ‘கொன்றை’யும் ‘நொச்சி’யும் கணினியின் பார்வையில் ககரத்திலோ நகரத்திலோ தொடங்குவதில்லை; இரண்டும் கொம்பில் தொடங்குகின்றன. ‘வேங்கை’ இரட்டைக் கொம்பில் தொடங்குகிறது, ‘கைதை’ ஐகாரச் சங்கிலியில். என் பெயரடைவை அந்தக் கோப்பில் வரிசைப்படுத்தச் சொன்னபோது கொன்றையும் நொச்சியும் அடுத்தடுத்து நின்றதற்கு இதுவே காரணம். ஒருங்குறி இதனைத் தீர்க்கிறது. அங்கே ‘கொ’ என்பது முதலில் ககரம், பின்னரே ஒகரக் குறி. கண் காணும் வரிசையை விட்டு நாவு ஒலிக்கும் வரிசையைக் கணினி ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் ஒருங்குறிக்கு மாறினால் மட்டும் போதாது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்திற்கும் இணையான இடங்களை ஒதுக்கிய இஸ்கி என்ற பழைய குறியேற்றத்தைப் பின்பற்றியது. அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் அமர்ந்தன. இதன் விளைவைச் சோதித்துப் பார்க்க ஐந்து சொற்கள் போதும். தமிழ் அகராதி முறைப்படி இவை அவை, அழகு, அளவு, அறம், அன்பு என்று நிற்கும். குறியேற்ற எண்ணின் வரிசையில் அடுக்கினால் அன்பு, அறம், அளவு, அழகு, அவை. முற்றிலும் தலைகீழ். மேலும் புள்ளி, உயிர்க்குறிகள் அனைத்திற்கும் பின்னே வைக்கப்பட்டிருப்பதால் ‘அகம்’ முன்னும் ‘அக்கா’ பின்னும் வரும். நம் மரபில் மெய்யே முந்தும். ஆய்த எழுத்தோ ஔகாரத்திற்குப் பின் வராமல் அகரத்திற்கே முன்னால் போய் நிற்கும்.

இதைக் கண்டு ஒருங்குறியே தமிழுக்கு ஒவ்வாதது எனச் சினங்கொண்டோர் உண்டு. அச்சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அன்றாட ஆய்வாளருக்குத் தேவையான விடை சொற்செயலியிலேயே இருக்கிறது. எழுத்துக்குரிய எண் ஒன்று; வரிசைப்படுத்தும் விதி வேறொன்று. விதி மொழியைப் பொறுத்தது. வேர்டில் வரிசைப்படுத்தும் பெட்டியைத் திறந்து, அதன் விருப்பங்களில் வரிசைக்குரிய மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. அங்கே ஆங்கிலமே இருக்கும். தமிழைத் தேர்ந்தபின் வரிசை பெரும்பாலும் மரபுக்கு இணங்கும். கிரந்த எழுத்துகளையும் மெய்யெழுத்துச் சொற்களையும் மட்டும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இதே காரணத்திற்காகவே ஆய்வேட்டின் பனுவல் முழுவதையும் தேர்ந்து அதன் மொழி தமிழ் எனக் குறித்துவிடுவது நல்ல தொடக்கம். குறிக்காவிட்டால் சொற்செயலி நம் தமிழை ஆங்கிலமாகப் பாவித்து ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்புக் கோடு இடுவதும் உண்டு.

துணைநூற்பட்டியலிலும் இதே முறையைக் கையாளலாம். ஒரு நூலுக்கு ஒரு பத்தி என அமைத்தால் நூறு நூல்களையும் ஒரு நொடியில் அடுக்கலாம். இரண்டாம் வரி உள்தள்ளி நிற்க கண்ட்ரோலுடன் டி விசையை அழுத்தினால் போதும். நூற்பெயரின் நடுவே எண்டர் தட்டி இடைவெளி போட்டு வைத்திருந்தால் வரிசைப்படுத்தும்போது நூற்பெயரின் பாதி ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலும் போய்ச் சேரும்.

பெயரடைவைப் பொறுத்தவரை, சொல்லைத் தேர்ந்து ஆல்ட், ஷிப்ட், எக்ஸ் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது அடைவுக்குரியது என்ற மறைகுறி அச்சொல்லின் அருகே பதிகிறது. ஆய்வேடு முழுவதும் இவ்வாறு குறித்தபின் அடைவை ஓரிடத்தில் இடச் சொன்னால் பக்க எண்களுடன் அது உருவாகும். வரி இடைவெளி மாறினாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். நான் மூன்று இரவுகளில் செய்தது ஒரு விசையின் வேலை. குறிப்பதற்கு உழைப்பு தேவை. ஆனால் அந்த உழைப்பு ஒருமுறைதான். எந்தச் சொல்லை அடைவில் சேர்ப்பது, ‘ஞாழல்’ என்ற பெயரும் அதன் அடைமொழியும் ஒரே பதிவா இரண்டா என்பன போன்ற முடிவுகள் ஆய்வாளருக்குரியவை. அவற்றைப் பொறி எடுக்காது.

தேடலும் புணர்ச்சியும்

சொற்செயலியின் தேடல் வசதி ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைந்தது. தமிழில் அது எங்கே வழுக்கும் என்பதை அறிய இலக்கணம் தெரிய வேண்டும்; இவ்விடத்தில் தமிழாய்வாளர் கணினி வல்லுநரைவிட முந்தியிருக்கிறார்.

‘ஆசிரியர்’ என்று தேடினால் ‘உரையாசிரியர்’, ‘நூலாசிரியர்’, ‘பேராசிரியர்’ ஆகிய மூன்றும் அகப்படா. ஆகாரம் சொல்லின் முதலில் தனியெழுத்து. புணர்ந்தபின் முன்னுள்ள மெய்யின் மேலேறிய குறி. கணினிக்கு இவை இரண்டும் வேறு வேறு எண்கள். உடம்படுமெய்யைப் பற்றி நன்னூல் கற்றவருக்கு இதில் வியப்பில்லை. எனவே உயிர்முதற் சொல்லைத் தேடும்போது முதலெழுத்தை விட்டு ‘சிரியர்’ எனத் தேட வேண்டும். ‘ஆம்பல்’ தேடுவோர் ‘ம்பல்’ எனத் தேடினால் ‘வெள்ளாம்பல்’ கிடைக்கும். மகர ஈறு வேற்றுமை உருபேற்கும்போது கெடுவதால் ‘இலக்கியம்’ எனத் தேடாமல் ‘இலக்கிய’ எனத் தேடுவது மற்றொரு வழி. சங்கப் பாடல்களைச் சந்தி பிரித்து 1950களில் பதிப்பித்த மர்ரே எஸ். ராஜம் எளிய வாசகரை எண்ணி அதைச் செய்தார். அவர் பிரித்து வைத்த முறை கணினித் தேடலுக்கும் உகந்ததாய் அமைந்தது ஒரு நற்பேறு.

தேடிப் பதிலிடுவதில் ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. ‘கலை’ என்பதை ‘கவின்கலை’ என மாற்ற எண்ணி அனைத்தையும் ஒருசேர மாற்றும் பொத்தானை அழுத்தினால் ‘பல்கலைக்கழகம்’ ‘பல்கவின்கலைக்கழகம்’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே அறிவுடைமை. ஆனால் இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்குவதற்கும், முற்றுப்புள்ளிக்கு முன்னுள்ள இடைவெளியை நீக்குவதற்கும் ஒருசேர மாற்றுவதே சிறந்தது. சிலர் நீண்ட சொல் வரியிறுதியில் அடங்காதபோது நடுவே ஓர் இடைவெளி தட்டி ‘ஆராய்ச்சி யாளர்’ என உடைத்து வைப்பர். அடுத்த திருத்தத்தில் அச்சொல் வரியின் நடுவே வந்துவிடும். பிளவு அப்படியே நிற்கும். தேடலில் அச்சொல் என்றைக்கும் அகப்படாது. பத்தியின் இரு ஓரங்களையும் சீராக்குவதைக் கைவிட்டு இடது ஓரத்தை மட்டும் சீராக்கினால் இந்தத் தொல்லையே எழாது. இதற்குப் பல நெறியாளர்கள் இசைவதில்லை என்பது வேறு.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றி எண்ணில் வேறுபடுவன இன்னும் கொடியவை. ஔவையார் பெயரை ஔகாரம் இட்டும் எழுதலாம். ஒகரத்தை அடுத்து ளகரத்தைத் தட்டி ‘ஒளவையார்’ எனவும் எழுதிவிடலாம். அச்சில் வேறுபாடு தெரியாத எழுத்துருக்கள் பல. கோப்பில் முன்னது ஓரெழுத்து, பின்னது இரண்டெழுத்து. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அகரவரிசையிலோ இரண்டாவது ஔவை ‘ஒளி’யின் அருகே சென்று நிற்பார். இணையத்திலிருந்து படியெடுத்த பனுவல்களில் இப்பிழை மிகுதி. ‘ஒளவை’ எனத் தேடி ‘ஔவை’ எனப் பதிலிடுவதை ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்திய கடமைகளில் ஒன்றாகக் கொள்ளலாம்.

எழுத்தெண்ணிக்கையிலும் எச்சரிக்கை தேவை. ‘மொழி’ தமிழில் ஈரெழுத்து. சொற்செயலி அதை நான்கெனக் கணக்கிடும். கட்டுரைச் சுருக்கத்துக்கு எழுத்து வரம்பு விதிக்கும் இதழ்கள் எந்த எழுத்தை எண்ணுகின்றன என்பதைச் சொல்வதில்லை.

சிறியதாயினும் நான் நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். ‘பா. 66’, ‘ப. 112’ என எழுதும்போது ‘பா.’ வரியின் இறுதியிலும் எண் அடுத்த வரியிலும் பிரிந்து நிற்பதுண்டு. கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் பிரியா இடைவெளி விழும். இரண்டும் சேர்ந்தே நகரும்.

விதிமுறைகள் கேட்பதும் கேளாததும்

பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டுக்குத் தரும் வடிவ விதிகள் தாளின் அளவு, ஓர இடைவெளி, வரி இடைவெளி, மேலட்டையின் நிறம் ஆகியவற்றை நுணுக்கமாக வரையறுக்கின்றன. கோப்பு எந்தக் குறியேற்றத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நான் பார்த்த விதிகளில் ஒரு சொல்லும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டிலேயே ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வகை செய்தது. அவை ஷோத்கங்கா தளத்தில் ஏற்றப்படுகின்றன. அங்கே சென்று தமிழ் ஆய்வேடுகளைத் திறந்து பார்த்தால் பல, தாளை வருடி எடுத்த வெறும் படங்களாக உள்ளன. கணினியில் பிறந்த எழுத்தைத் தாளில் அச்சிட்டு, அத்தாளைப் படமெடுத்து, மீண்டும் கணினியில் ஏற்றுகிறோம்.

2018ஆம் ஆண்டின் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை எனவும், அதற்குமேல் 40, 60 எனப் படிநிலைகளாகவும் வகுக்கின்றன. பழைய குறியேற்றத்தில் உள்ள ஆய்வேடு ஒப்புமை காணும் மென்பொருளுக்கு மொழியே அல்லாத குவியல். அதில் ஒப்புமை ஏதுமில்லை என வரும் சான்றிதழ் எதற்குச் சான்று? மறுதலையாக, ஒருங்குறியில் நேர்மையாக எழுதியவரின் ஆய்வேட்டில் உள்ள சங்கப் பாடல்கள் ஒப்புமையாக எண்ணப்படும் நிலை ஏற்படுகிறது. முறையாகச் சுட்டிய மேற்கோளை விதி விலக்குகிறது. ஆனால் உள்தள்ளி எழுதியது மேற்கோள் எனக் கருவிக்குத் தெரியாது. மேற்கோள் குறியும், செய்யுளுக்கெனத் தனிப் பாணியும், கண்ட்ரோல், ஆல்ட், எஃப் விசைகளால் இடப்பட்ட உண்மையான அடிக்குறிப்பும் இருந்தால் அறிக்கையைச் சரிபார்ப்பவர்க்கு விலக்க வேண்டிய பகுதி எளிதில் புலப்படும். ஒருங்குறியைக் கட்டாயமாக்காமல் ஒப்புமைச் சான்றிதழை மட்டும் கட்டாயமாக்குவது நேர்மையாக எழுதியவரைத் தண்டித்து, ஏனையோரைத் தப்பவிடும் ஏற்பாடாகும். இதனை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தமிழ் இலக்கியத் துறைகளில் பார்வைக் குறையுடைய ஆய்வாளர்கள் பயில்கின்றனர். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களின் உதவியால் அவர்கள் கோப்பைக் காதால் படிக்கின்றனர். பழைய எழுத்துருக் கோப்பு அவர்களுக்கு ஆங்கில எழுத்துகளின் உளறலாக ஒலிக்கும். வருடிய படமோ மௌனமாகிவிடும். ஒருங்குறிக் கோப்பில்கூடத் தலைப்புப் பாணிகள் இல்லையெனில், இருநூறு பக்கங்களில் மூன்றாம் இயல் எங்கே தொடங்குகிறது என்பதை அறிய அவர் முதற்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். பாணி இட்டிருந்தால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். நாம் தடித்த எழுத்தாக மட்டும் இடும் ஒரு தலைப்பு, உடன் பயிலும் ஒருவர்க்கு இல்லாத தலைப்பாகிறது.

நெறியாளரும் மாணவரும் தாளில் சிவப்பு மையால் திருத்தும் வழக்கத்தைப் பற்றி நீளப் பேச விரும்பவில்லை. அதில் ஓர் அணுக்கம் உண்டு. ஆயினும் திருத்தம் தட்டச்சரிடம் போய் வரும் இடைவெளியில் புதுப்பிழைகள் நுழைவதைக் கருதினால், கண்ட்ரோல், ஷிப்ட், ஈ விசைகளால் திருத்தத் தடத்தை இயக்கிவிட்டுக் கோப்பிலேயே திருத்துவது மேல். யார், எதை, எப்போது மாற்றினார் என்பது பதிவாகும். ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளர் கையில் இருக்கும். பாடவேறுபாடு பார்க்கும் துறையினருக்கு இது புதிதாய்க் கற்பிக்க வேண்டிய கருத்தன்று.

பழைய ஆய்வேடு மீண்டபின்

என் ஆய்வேட்டுக் கோப்பைக் கவரைப்பேட்டை நிலையத்திற்கே எடுத்துச் சென்று, எழுத்துருவைப் பெற்று, மாற்றி வழியாக ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, ஆங்கிலப் பகுதிகளைத் தனியே பிரித்து, தலைப்புகளுக்குப் பாணி இட்டு, தாவரப் பெயர்களை ஒவ்வொன்றாக அடைவுக்குக் குறித்தேன். தட்டச்சு செய்த அம்மையார் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடைவு ஒரு நொடியில் விரிந்தபோது, இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்டார்.

புதிய அடைவை, மூன்று இரவுகளில் கையால் திருத்திய பழைய அடைவோடு ஒப்பிட்டேன். ஏழு இடங்களில் பக்க எண் தவறியிருந்தது. நொச்சி முழுவதுமாக இடம் மாறியிருந்தது. கட்டமைக்கப்பட்ட படி கல்லூரி நூலகத்தில் அந்தப் பிழைகளோடு இன்றும் இருக்கிறது.